கோணி ஊசி இறங்கிய இடம்

நான் முன்பு வேலை பார்த்த இரும்பு யார்டில் புதிதாகச் சேர்ந்த இஞ்சினியர் பிள்ளைகள் சிலர் போன மாதம் என்னைப் போனில் பிடித்தார்கள். "அண்ணே, கோணல்மாணலா இருக்கிற இரும்புத் தகட்டுக்கு அட்டையைத் தொங்கவிட்டு சி.ஜி. பார்ப்பீங்களாமே. அத எழுதிக் குடுங்க, நாங்க படிக்கணும்" என்றார்கள். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் தகட்டின் படத்தைப் போட்டால் தானாகவே ஒரு சிவப்புப் புள்ளி விழுந்துவிடுகிறதாம். அந்தப் புள்ளிக்கு நேர் மேலே கொக்கியை நிறுத்தித் தூக்குகிறார்கள். வேலை முடிந்தது.

எட்டாம் வகுப்போடு நின்றவனை எழுதச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நான் எதையாவது விட்டுவிட்டு எழுதி, அதைப் படித்துவிட்டு ஒருவன் ஒரு தகட்டைத் தூக்கி, அது சாய்ந்து யார் காலிலாவது விழுந்தால் என்ன செய்வது? அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் எதையும் தூக்க வேண்டாம். சிவப்புப் புள்ளியையே நம்புங்கள். நம்பிவிட்டு, முழுதாகத் தூக்கும் முன் ஒரு தடவை விரல்கடை அளவு மட்டும் தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சி.ஜி. என்றால் ஈர்ப்பு மையம், பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு சாப்பாட்டுத் தட்டை ஒற்றை விரலில் நிறுத்தினால் எந்த இடத்தில் சாயாமல் நிற்குமோ, அந்த இடம். வட்டத் தட்டுக்குக் கண்ணாலேயே சொல்லிவிடலாம். ஒரு பக்கம் நாக்கு மாதிரி நீண்டு, இன்னொரு பக்கம் எலி கடித்தது மாதிரி வெட்டுப்பட்டு, ஒரு மூலை மழுங்கியிருக்கும் தகட்டுக்கு எங்கே என்று கண் சொல்லாது. சொல்லுவது போல ஏமாற்றும்.

எனக்குச் சொந்த ஊரின் பெயரே சிக்கல். மானாவாரி நிலம். தொடர்ந்து மழை பொய்த்த ஒரு சமயத்தில் அய்யா என் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, மண்டபம் பக்கம் யார்டில் வேலை பார்த்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரோடு என்னை பஸ் ஏற்றிவிட்டார். கட்டை சுமந்தேன், கயிறு சுருட்டினேன், கிரீஸ் போட்டேன், கடைசியில் கலாசி ஆனேன். பாரம் தூக்கும்போது எங்கே சங்கிலி மாட்டுவது, எப்போது தூக்கச் சொல்வது, எப்போது நிறுத்தச் சொல்வது என்பதுதான் கலாசியின் வேலை. பயந்த சுபாவம் உள்ளவன் அந்த வேலைக்குப் போகக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையேதான் நினைத்தேன். வேறு வேலை கிடைக்கவில்லை.

அந்த நாளில் சி.ஜி. பார்க்கும் முறை இதுதான்: உத்தேசமாக மாட்டு, தூக்கு, சாய்ந்தால் இறக்கு, கொஞ்சம் தள்ளி மாட்டு, மறுபடி தூக்கு. தூக்குகிற ஒவ்வொரு தடவையும் நான் இரண்டடி பின்னால் போய் நிற்பேன். ஒருமுறை ஒரு தகடு வழுக்கி மணலில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது. சற்று முன்புதான் அந்த இடத்தில் ஒருவர் நின்று வெற்றிலை துப்பிவிட்டு நகர்ந்திருந்தார். அவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை.

இப்படியே பல வருஷம் போன பிறகுதான் சபீனா மேடம் எங்கள் சைட்டுக்கு இஞ்சினியராக வந்தார். கீழக்கரைக்காரர். என் கடைசித் தங்கச்சியைவிட வயது குறைவு. ஹெல்மெட்டுக்குள் முக்காட்டை இறுக்கிச் செருகியிருப்பார். கம்பெனி கொடுத்த ஷூ காலுக்குப் பெரிது என்பதால் முன்பக்கம் துணி அடைத்துப் போட்டிருப்பார். சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். கிரேன் ஓடும்போது அவர் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் நாங்கள்தான் பக்கத்தில் போக வேண்டும். போவோம்.

வந்த முதல் வாரத்தில் ஒரு தகட்டைத் தூக்கும் முன் நான் தயங்கி நின்றேன். கிரேன் ஓட்டும் சேவியர் கேபினிலிருந்து தலையை நீட்டினான். "மேடம், அவரு அப்படித்தான். கல்யாணத்துல தாலி கட்டுறதுக்கு முன்னாடி கயித்த மூணு தடவ இழுத்துப் பார்த்த ஆளு. நீங்க சொல்லுங்க, நான் தூக்குறேன்."

மேடம் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, நான் பார்த்த திசையிலேயே தகட்டைப் பார்த்தார்.

"என்னண்ணே?"

"பயமா இருக்கு மேடம்."

"பயம்னு மட்டும் சொன்னா நான் என்ன பண்றது? எந்தப் பக்கம் சாயும்னு பயம்? எவ்வளவு?"

அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பயப்படாதே என்பார்கள், இல்லையென்றால் கிண்டல் செய்வார்கள். நான் யோசித்து, "கடல் பக்கம். ஒரு சாண் போகும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஆபீஸ் கண்டெய்னருக்குள் போனார். சேவியர் இஞ்சினை அணைத்துவிட்டு பீடியைப் பற்றவைத்தான்.

அவர் போட்ட கணக்கைப் பிற்பாடு பல தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் தகட்டை டேப் வைத்து எல்லாப் பக்கமும் அளந்து கட்டம் போட்ட தாளில் சிறியதாக வரைவார். தகட்டில் ஒரு மீட்டர் என்றால் தாளில் ஐந்து சென்டிமீட்டர். பிறகு அந்த உருவத்தைத் தெரிந்த உருவங்களாகப் பிரிப்பார். இது ஒரு செவ்வகம், இது ஒரு முக்கோணம், மழுங்கின மூலைக்கு மட்டும் மெல்லிய பட்டைகள். செவ்வகத்துக்கு நடு எங்கே என்று தெரியும், முக்கோணத்துக்கும் தெரியும். தாளின் இடது ஓரத்தைச் சுவர் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டின் பரப்பையும் சுவரிலிருந்து அதன் நடு எவ்வளவு தூரம் என்பதையும் பெருக்குவார். எல்லாவற்றையும் கூட்டி மொத்தப் பரப்பால் வகுத்தால், முழு உருவத்தின் நடு சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது வந்துவிடும். கீழ் ஓரத்திலிருந்தும் அதே மாதிரி ஒரு கணக்கு. இரண்டு தூரமும் சேருமிடம் சி.ஜி. வெட்டுப்பட்ட இடத்தை முதலில் முழுதாக இருப்பதாக வைத்துக்கொண்டு, பிறகு கழித்துவிடுவார்.

இவ்வளவையும் பென்சிலில் செய்வார். அழித்துத் திருத்துவார். முடிந்ததும் அந்தத் தாளை என்னிடம் காட்ட மாட்டார்.

"நீங்க உங்க வழில பாருங்க. ஒங்களுக்கு என் விடை தெரிஞ்சா கை தானா அங்கன போயிரும்."

என் வழி என்பதும் அவர் கொடுத்த வழிதான். அட்டைப் பெட்டியைக் கிழித்து, தாளில் வரைகிற அதே சின்ன அளவில் தகட்டின் உருவத்தை வெட்டிக்கொள்ள வேண்டும். ஓரத்தில் ஒரு துளை போட்டு, ஆணியில் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். அதே ஆணியிலிருந்து தூக்குக்குண்டு ஒன்றையும் விட வேண்டும். தூக்குக்குண்டுக்கு நான் வலையில் கட்டும் ஈயக்குண்டையும் தூண்டில் நரம்பையும் வைத்துக்கொண்டேன். ஆட்டம் நின்றதும் நரம்பு போகும் வழியில் அட்டையில் கோடு போட வேண்டும். சி.ஜி. எங்கே இருந்தாலும் ஆணிக்கு நேர் கீழேதான் வந்து நிற்கும். ஆகவே அது அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறது. இன்னொரு துளையில் தொங்கவிட்டு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் விடை. அதோடு விட்டுவிடாமல் மூன்றாவது துளையிலும் தொங்கவிட வேண்டும். மூன்றாவது கோடும் அதே இடம் வழியாகப் போனால் சரி. போகாமல் ஒரு சின்ன முக்கோணம் விழுந்தால் எங்கோ தப்பு.

தப்பு வர எத்தனை வழி இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். கடல் காற்று நரம்பை நிற்க விடாது. ஈரக்காற்றில் வைத்த அட்டை ஒரு பக்கம் நீர் பிடித்து கனத்துவிடும். மீன் பெட்டி அட்டையாக இருந்தால் உள்ளே மெழுகுப் பூச்சு ஒரே சீராக இருக்காது. துளை இறுக்கமாக இருந்தால் அட்டை தானாக நிற்க வேண்டிய இடத்துக்கு வராமல் முன்னாலேயே நின்றுவிடும். இவை ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துப் பயந்தேன். அந்த வேலைக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டியிருந்தது. கண்டெய்னர் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து ஊற்ற நின்று கோடு போடுவேன். மேடம் வெளியே வெயிலில் நிற்பார்.

பிறகு வரும் ஊசி. மேடத்தின் தாளை மேசையில் விரித்து, அதன் மேல் ஒரு வெள்ளைத் தாளை மூடி, அதற்கு மேல் என் அட்டையை ஓரத்துக்கு ஓரம் பொருந்த வைப்போம். கோடுகள் வெட்டும் இடத்தில் கோணி ஊசியை நேராக அழுத்துவேன். பிறகு அட்டையை எடுத்து, மூடிய தாளை எடுத்து, ஊசித் துளை அவருடைய பென்சில் புள்ளிக்கு எவ்வளவு தள்ளி விழுந்திருக்கிறது என்று பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் தகட்டில் இரண்டு சென்டிமீட்டர். அது வரைக்கும் சரி. பல தடவை புள்ளியின் மேலேயே துளை விழுந்திருக்கிறது. அப்போது மேடம் பென்சிலை ஹெல்மெட்டின் ஓரத்தில் செருகிக்கொண்டு வெளியே போய், சேவியருக்குக் கையைக் காட்டுவார்.

இந்த முறை போய்விட்டது என்பதில் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகள் அப்படி நினைத்துக்கொண்டு என்னிடம் பேசுகிறார்கள், நான் திருத்துவதில்லை. சரியாகச் சொல்லும் சாமான் வந்தால் அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு ஏக்கமாக இருப்பது வேறு. ஒரே கேள்விக்கு அவர் வெளியே ஒரு வழியில் போவார், நான் உள்ளே ஒரு வழியில் போவேன், இருவரும் ஒரே இடத்தில் வந்து நிற்போம். அந்த மாதிரி இன்னொருவரோடு வந்து நிற்பது எனக்கு வீட்டிலும் வாய்க்கவில்லை, வெளியிலும் வாய்க்கவில்லை. என் சம்சாரம் நல்லவள். மகள்களும் நல்ல பிள்ளைகள். கேஸ் அடுப்பில் வாடை வருகிறதா என்று நான் மூன்றாவது தடவை கேட்டால், "சும்மா இருங்கப்பா" என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

மேடம் எங்கள் சைட்டில் இருந்தது கொஞ்ச காலம்தான். மாப்பிள்ளை கத்தாரில் இருந்தார். விசா வந்ததும் போய்விட்டார். போன புதிதில் பெருநாளுக்கு போன் பண்ணுவார். "அண்ணே, இங்கன கிரேன் எல்லாம் எட்டு மாடி உசரம், ஒங்களுக்குப் பார்த்தாலே காய்ச்சல் வந்துரும்" என்பார். பிறகு நம்பர் மாறிவிட்டது. கீழக்கரையில் அவர் வாப்பா மௌத்தானபோது சாவுச் செய்தி கேட்டுப் போனேன். கூட்டத்தில் பெண்கள் பக்கம் விசாரிக்கக் கூச்சமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

பிள்ளைகள் கேட்டது முறையை மட்டும்தான். ஆனால் ஒரு நாள் அந்த முறையே எங்களைக் கைவிடப் பார்த்தது. அதைச் சொல்லாமல் முறையை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நின்றன. எங்களுக்கு வந்த வேலை, ஒரு சின்ன மீன் இறங்குதளத்தில் கிடந்த பழைய சரிவுத் தகட்டை எடுத்துவிட்டுப் புதிது போடுவது. படகிலிருந்து மீன் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஏறும் இரும்புத் தகடு அது. கரைப் பக்க ஓரம் சிமெண்டுத் தளத்தில், கடல் பக்க ஓரம் அலைக்குள். நீளம் ஒரு பஸ்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. முன்பு யாரோ ஒரு தூணுக்காக அதில் ஒரு பக்கம் வெட்டியிருந்தார்கள். ஒரு மூலை வளைவு. வரைபடம் எதுவும் கிடையாது. தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போகுமுன் வேலை முடிய வேண்டும்.

தகட்டைக் கீழேயிருந்த உத்தரங்களோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். நட்டுகள் எல்லாம் அடிப்பக்கம். ஆகவே கிரேன் தகட்டின் கனத்தைத் தாங்கிப் பிடித்திருக்க, இரண்டு ஆட்கள் தகட்டுக்கு அடியில் மிதவையில் படுத்துக்கொண்டு கடைசி நட்டுகளைக் கழற்ற வேண்டும். கொக்கி சி.ஜி.க்கு நேராக இல்லையென்றால், கடைசி நட்டு கழன்றதும் தகடு கனமான பக்கம் கீழே அடிக்கும். கீழே உத்தரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒதுங்க இடமில்லை.

அந்த இரண்டு பேரில் ஒருவர் என் தங்கச்சி மாப்பிள்ளை பாண்டி. அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான்தான்.

மேடம் கணக்குப் போட்டார். நான் அட்டையைத் தொங்கவிட்டேன். மூன்று கோடும் ஒரே இடத்தில் வெட்டின. ஊசித் துளை பென்சில் புள்ளியின் மேலேயே விழுந்தது. அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் விழுந்ததில்லை. எனக்குக்கூட அன்று மனசு லேசாக இருந்தது.

ஆனாலும் மேடம் ஒரு பழக்கம் வைத்திருந்தார். "நட்டு எதையும் கழற்றக் கூடாது. எல்லாத்தையும் விரல்கடை அளவு தளர்த்தி விடுங்க. சேவியர் தூக்கிப் பார்க்கட்டும். சுத்திலும் ஒண்ணு போல எழும்புனா கழற்றுவோம்."

பாண்டியும் இன்னொருவரும் தளர்த்திவிட்டு வெளியே வந்தார்கள். சேவியர் மெல்லத் தூக்கினான். சங்கிலிகள் விறைத்தன. கடல் பக்க ஓரம் எழும்பியது. கரைப் பக்க ஓரம் உட்கார்ந்தபடியே இருந்தது.

"இறக்கு" என்றேன். கையைக் காட்டினேன்.

கண்டெய்னருக்குள் போய் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"அட்டை நனைஞ்சிருக்கும் மேடம். காலைல தளத்துல வச்சிருந்தேன்."

"இல்லண்ணே. நான் வளைவுல தப்பு பண்ணியிருப்பேன். பட்டை கம்மியாப் போட்டேன்."

"நீங்க தப்பு பண்ண மாட்டீங்க."

"நீங்க மட்டும் பண்ணுவீங்களா?"

இருவரும் மறுபடி முதலிலிருந்து செய்தோம். புது அட்டை. புது அளவு. அவர் வளைவை இன்னும் மெல்லிய பட்டைகளாக வெட்டிக் கூட்டினார். ஊசியை அழுத்தினேன். அதே புள்ளி.

மேடம் துளையின் மேல் பென்சில் முனையை வைத்தார். "நாம ரெண்டு பேரும் ஒத்துப்போறோம். தகடுதான் ஒத்துக்க மாட்டேங்குது" என்றார்.

அதற்குள் காண்டிராக்டரின் ஆள் போனில் வந்துவிட்டான். ஸ்பீக்கரில் போட்டார் மேடம். "கொஞ்சம் சாஞ்சா என்ன மேடம், பழைய தகடுதானே, உடைஞ்சாலும் இரும்புக்கடைக்குத்தான் போகுது. இன்னைக்கே தூக்கிருங்க" என்றான்.

"தகடு ஒடஞ்சா பரவால்ல. அடில ஆளு இருக்காங்க."

"ஆளு ஒதுங்கிக்கிருவாங்க மேடம்."

"எங்கன ஒதுங்குவாங்க? வந்து இடத்தக் காட்டுங்க, தூக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பாண்டி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தலை, தோள் எல்லாம் செம்பொடி. "விடுங்க மச்சான். கடைசி நட்டக் கழட்டுனதும் தண்ணில முங்கிருவோம். எனக்கு முங்கத் தெரியாதா?"

"மாப்ள, நீங்க பேசாம இருங்க."

"பேசாம இருந்தா வேல எப்ப முடியும்? அடில படுத்திருந்தா கண்ணுல எல்லாம் துரு விழுது. கடல் பக்கம் ஸ்பேனர் பட்டாலே அப்பளம் மாதிரி உதிருது. கரைப் பக்கம் பரவால்ல, கல்லு மாதிரி இருக்கு."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க."

பாண்டி தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து என்னைப் பார்த்தார். "கடல் பக்கம் உதிருதுன்னேன். கரைப் பக்கம் உதிரல."

மேடம் பென்சிலை மேசையில் வைத்தார். "அண்ணே, நாம உருவத்துக்குத்தான் நடுவக் கண்டுபிடிச்சிருக்கோம். கனத்துக்கு இல்ல."

மேலே நடக்கிற இடத்தில் வருஷா வருஷம் பெயிண்ட் அடித்து வந்ததால் தகடு பார்க்க ஒரே மாதிரி இருந்தது. அலை படும் பாதியை உப்பு அடியிலிருந்து தின்றிருக்கிறது. அட்டையோ எல்லா இடத்திலும் ஒரே கனம். கணக்கும் பரப்பை மட்டும்தான் பார்த்தது. இருவரும் தப்பே செய்யாமல், ஒரே தப்பான இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறோம்.

எடுத்து எறியப்போகிற தகடுதான் என்பதால் வரிசை வரிசையாகத் துளை போட்டோம். ஒவ்வொரு துளையிலும் முனை வளைந்த கம்பியை விட்டுத் தகட்டின் தடிமனை அளந்தோம். கரைப் பக்கம் மூன்று பங்கு இருந்தால் கடல் பக்கம் இரண்டு பங்குதான் இருந்தது. மேடம் மறுபடி கணக்கைத் தொடங்கினார். இந்தத் தடவை ஒவ்வொரு பட்டையின் பரப்போடு அதன் தடிமனையும் பெருக்கினார். நான் அட்டையை அடுக்கினேன். கரைப் பக்கம் மூன்று அடுக்கு, கடல் பக்கம் இரண்டு. பசை தடவினால் பசையின் கனம் சீராக இருக்காதே என்று பயந்து நூலால் தைத்தேன். தையலும் எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியில் விழுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தைத்தேன்.

சேவியர் எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, சட்டையா? பித்தான் வைக்கல?"

"ஏலே, போய்க் கொக்கிக்குக் கிரீஸ் போடு."

"அதெல்லாம் போட்டாச்சு. நீங்க ஒரு பையும் வச்சுத் தைங்க, பீடி வச்சுக்கிறலாம்." போகும்போது பாண்டியின் தோளில் கையைப் போட்டு, டீக்கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். எனக்காகத்தான் கூட்டிப் போனான் என்று தெரியும்.

இந்தத் தடவை ஊசியை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன். மேடம் அட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். எடுத்துப் பார்த்தோம். துளை, புள்ளியிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தது. தகட்டில் நாலு சென்டிமீட்டர். முன்பு கண்ட புள்ளியிலிருந்து இரண்டுமே கரைப் பக்கமாக நன்றாக நகர்ந்திருந்தன. ஆனால் ஒன்றாகச் சேரவில்லை.

"சேரல மேடம்."

"போன தடவ சேந்துச்சு. என்ன ஆச்சு பார்த்தீங்கள்ல?"

நான் அட்டையைத் திருப்பித் தையலைப் பார்த்தேன்.

"நீங்க ரெண்டே படியா வச்சிருக்கீங்க. துரு அப்படிப் படி கட்டித் திங்காது. நான் துளை போட்ட எடத்துல மட்டும் அளந்திருக்கேன். துளைக்கும் துளைக்கும் நடுவுல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது." துளைக்கும் புள்ளிக்கும் நடுவில் விரலை வைத்து, "ரெண்டுக்கும் நடுவுல கொக்கிய நிறுத்துவோம். மறுபடி தளர்த்தின நட்டோட தூக்கிப் பார்ப்போம். சரியா?" என்றார்.

அப்படி என் சம்மதத்தைக் கேட்டார். தகட்டுக்கு அடியில் போகிறவர் என் தங்கச்சி மாப்பிள்ளை என்பது அவருக்குத் தெரியும். சரி என்றேன்.

சங்கிலியை நீட்டிக் குறைக்கும் செயின் பிளாக்கில் ஒரு பக்கம் இழுத்து, ஒரு பக்கம் விட்டு, கொக்கியைப் புது இடத்துக்கு நேராகக் கொண்டுவந்தோம். சேவியர் கேபினில் ஏறினான். சங்கிலிகள் விறைத்தன. கடல் பக்கம் மேடம் குனிந்து நின்றார். கரைப் பக்கம் நான்.

"இங்கன எந்திரிச்சிருச்சு" என்றார் அவர்.

"இங்கயும்."

தளர்த்திய அளவுக்கு நாலு பக்கமும் எழும்பி நின்றது. பாண்டி என்னைக் கடந்து மிதவைக்குப் போனார். நான் அவர் ஹெல்மெட்டின் வாரை இழுத்துப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "தாலியா மச்சான்" என்றார். சேவியர் சொல்லிக் கொடுத்திருப்பான்.

அவர்கள் அடியில் போன பிறகு எனக்குக் கேட்டதெல்லாம் ஸ்பேனர் சத்தம்தான். ஒரு நட்டு கழன்று தண்ணீரில் விழும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். எத்தனை விழுந்தன என்று எண்ணவில்லை. எண்ணினால் கடைசி நட்டு எது என்று தெரிந்துவிடுமே என்று பயந்தேன். மேடமும் எண்ணவில்லை என்று நினைக்கிறேன். அவர் தகட்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்பேனர் சத்தம் நின்றது. தகடு அசையவில்லை.

அடியிலிருந்து பாண்டியின் குரல் வந்தது. "ஆச்சு மச்சான்." மிதவையை இழுத்துக்கொண்டு இருவரும் பக்கவாட்டில் வெளியே வந்தார்கள். பாண்டி தளத்தில் ஏறி, முகத்திலிருந்த துருவைத் துடைத்துவிட்டு, டீ கேட்டார். டீக்கடைக்கு ஆள் அனுப்பினேன்.

சேவியர் தூக்கினான். அத்தனை காலம் அலைக்கும் கரைக்கும் நடுவில் ஆணியடித்துக் கிடந்த இரும்பு, தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே போனது. ஆள் உயரம், இரண்டாள் உயரம். காற்று இருந்தும் ஒரு பக்கமும் சாயவில்லை. டம்ளர் வைத்தால் தண்ணீர் தளும்பாது, அப்படி நின்றது. அதன் நிழல் கடல் மேல் அதே கோணல் உருவத்தில், அதே வெட்டோடு, படிந்து கிடந்தது.

சேவியர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தான். "லாரில இறக்கவா?"

மேடம் என்னைப் பார்த்தார். "அண்ணே சொல்லட்டும்."

பாரம் அந்தரத்தில் நின்றால் ஒரு நொடி பொறுக்காதவன் நான். இறக்கு, இறக்கு என்று கத்துவதற்காகவே யார்டில் எனக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அன்று வாயைத் திறக்கவில்லை. பாண்டி தரையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். மேடம் என் பக்கத்தில் நின்றார். நாங்கள் இருவரும் அண்ணாந்து அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சேவியரும் மறுபடி கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லலாம் என்று நான் நின்றேன்.